தூங்கும் கேமராக்கள்

சோப்பு வரிசையில் மறுபடியும் ஒரு லேபிள் செத்திருந்தது.

பார்த்தால் தெரியாது, அதுதான் இந்தச் சனியன்களின் குணம். விலை பளிச்சென்று எழுதியிருக்கும், ஓரத்தில் தள்ளுபடிக் குறி இருக்கும், உள்ளே பேட்டரி போய் எத்தனை நாளானாலும் கடைசியாக எழுதியதை அச்சடித்த தாள் மாதிரி காட்டிக்கொண்டே நிற்கும். ஸ்கேனரை முகத்துக்கு நேரே பிடித்துக் கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராதபோதுதான் விஷயம் தெரியும். போன வாரம்தான் இதற்குப் புது பேட்டரி போட்டிருந்தாள். ஐந்து வருடம் தாங்கும் என்று உறையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்த பேட்டரி. ஐந்து நாள்கூடத் தாங்கவில்லை. வாயில் வந்த வசவை விழுங்கிக்கொண்டு லேபிளைக் கழற்றப் போனவள், சட்டென்று விரலை இழுத்துக்கொண்டாள். லேபிள் ஜில்லென்று இருந்தது. பக்கத்திலிருந்த சோப்புக் கட்டிகளைத் தொட்டுப் பார்த்தாள். அவையும் அப்படித்தான். இரண்டடி தள்ளி இருந்தவை சாதாரணமாக இருந்தன.

கடையில் எல்லோரும் அவளைப் பேட்டரி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அலமாரி விளிம்புகளில் வரிசையாக மாட்டியிருக்கிற மின் விலை லேபிள்களும், ஒவ்வொரு வரிசையின் தலையிலும் ஒட்டியிருக்கிற தீப்பெட்டி அளவுக் கேமராக்களும் அவள் பொறுப்பு. எதற்கும் கம்பி கிடையாது, எல்லாம் பேட்டரியில் ஓடுகிறவை. ஓடுகிறவை என்பதைவிடத் தூங்குகிறவை என்று சொன்னால் சரியாக இருக்கும். தூங்கினால்தான் பேட்டரி தாங்கும். கேமரா சில நிமிடத்துக்கு ஒருமுறை கண்ணைத் திறந்து ஒரு படம் எடுக்கும். அதற்கு முன்னால் எடுத்த படத்தோடு ஒப்பிடும். வித்தியாசம் ஒரு வரம்புக்குள் இருந்தால் யாரிடமும் மூச்சு விடாமல் திரும்பத் தூங்கிவிடும். வரம்பைத் தாண்டினால் மட்டும் முழுதாக விழித்துப் படத்தை அனுப்பும். கடை திறந்திருக்கும்போது, தட்டு காலியாகிவிட்டது, நிரப்பு என்று அதற்கு அர்த்தம். பூட்டியிருக்கும்போது, வெளியே காவலாளியின் அறையில் மணி அடிக்கும். அந்த வரம்பு எவ்வளவு என்பதை வைப்பவள் அவள்தான்.

அன்று கடைக்கு விடுமுறை. பிற்பகல். முன்பக்க ஷட்டரின் அடியில் நாலு விரல் இடைவெளி வழியாக வெயில் ஒரு பட்டையாக உள்ளே வந்து தரையில் கிடந்தது. மற்றபடி ஜன்னல் இல்லாத அந்தப் பெரிய கூடத்தில் எந்த நேரமும் ஒரே நேரம்தான். மின்சாரச் சிக்கனத்துக்காக விளக்குகளும் ஆள் நடமாட்டத்தைப் பார்த்து எரிகிறவை என்பதால், அவள் நிற்கிற வரிசையில் மட்டும் வெளிச்சம் இருந்தது. தாண்டி வந்த வரிசைகள் ஒவ்வொன்றாக முதுகுக்குப் பின்னால் அணைந்துகொண்டே வந்தன. பின்சுவரில் குளிர் அறையின் இயந்திரம் உறுமுவதும், பிறகு பெருமூச்சு விட்டு அடங்குவதும், தூரத்தில் எங்கோ ஒரு பிளாஸ்டிக் உறை தானாக நெளிந்து நிமிர்வதும் கேட்டன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வாசனை. புதிதாகப் பூசிய சுவரின் ஈரச் சுண்ணாம்பு வாசனை. கடையில் யாரும் எதையும் பூசவில்லை.

"என்னடி, இருக்கியா?" என்று முன்பக்கம் உட்கார்ந்திருந்த தங்கையைப் பார்த்துக் கத்தினாள்.

பதில் இல்லை. மூன்றாம் பில் கவுன்ட்டர் பக்கம் விளக்குகூட அணைந்திருந்தது. உட்கார்ந்த இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள் போல. எரிச்சலோடு இன்னொரு முறை கத்த வாயெடுத்தபோது குரல் வந்தது.

"இருக்கேன்க்கா."

"பதில் சொல்ல இவ்வளவு நேரமா?"

மறுபடியும் ஒரு நீண்ட இடைவெளி.

"இப்பதானே கேட்ட."

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. தங்கை அவளைவிட எட்டு வயது சின்னவள். வீட்டில் அவளுக்குப் பெயரே சின்னவள்தான். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு அக்காவும் அக்காவுக்கு அவளும் என்று ஆகிவிட்டது. அக்கா சொன்ன வார்த்தைக்காகத்தான் மானேஜர் அவளைப் பில் போடச் சேர்த்துக்கொண்டார். சேர்ந்த புதிதில் அவள் கை வேகத்தைப் பார்க்கவே ஆட்கள் மூன்றாம் கவுன்ட்டரில் வந்து நிற்பார்கள். கை ஒரு பக்கம் ஓட, வாய் இன்னொரு பக்கம் ஓடும். கடந்த ஒரு மாதத்தில் அந்தப் பெண் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. ஒரு பொட்டலத்தை எடுத்து ஸ்கேன் செய்து வைப்பதற்குள் வரிசையில் நிற்கிறவர்கள் உச்சுக் கொட்டுகிறார்கள். இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் அவ்வளவுதான் என்று மானேஜர் சொல்லிவிட்டார். "ஆமைகூட உன்னை முந்திடும்டி" என்று அக்கா திட்டாத நாள் இல்லை. அதற்குச் சின்னவள் சொல்வது ஒன்றுதான். "முதுகு ஜில்லுன்னு இருக்குக்கா. அந்த எடத்துல உட்காரவே முடியல."

இடத்தை மாற்றிக் கேள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏற்கெனவே பெயர் கெட்டிருக்கிறது, இதில் நாற்காலி வேறு மாற்றிக் கேட்டால் மானேஜர் சும்மா இருப்பாரா என்று அவளே தடுத்து, ஒரு கம்பளிச் சால்வையை வாங்கிக் கொடுத்து, அதே நாற்காலியில் உட்கார வைத்திருந்தாள். இன்றைக்குச் சாயங்காலம் டாக்டரிடம் கூட்டிப் போவதாகப் பேச்சு. "அரை மணி நேரம், லேபிளைப் பாத்துட்டு வந்துடறேன், அப்படியே கிளம்பிடலாம்" என்று சொல்லித்தான் கூட அழைத்து வந்திருந்தாள். அரை மணி எப்போதோ தாண்டிவிட்டது. சாயங்காலத்துக்குள் செத்த லேபிள்களைப் பற்றிய அறிக்கை போகாவிட்டால் தலைமை அலுவலகம் லேபிள், கேமரா எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிக்கொண்டிருக்கிறதே என்ற பயம் இன்னொரு பக்கம். இரண்டு பயமும் சேர்ந்து கோபமாகத்தான் வெளியே வந்தது.

அலமாரி விளிம்போடு ஸ்கேனரை இழுத்துக்கொண்டே நடந்தாள். செத்தது. செத்தது. உயிரோடு இருந்தது. செத்தது. கையில் பட்டதெல்லாம் ஜில். பின்சுவரில் குளிர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆரம்பித்து, சோப்பு வரிசையின் இடதுபக்கமாக வந்து, டிஷ்யூ காகிதங்கள் வைத்திருக்கும் வரிசையில் திரும்பி, பிஸ்கட் வரிசைக்குள் புகுந்து முன்பக்கம் போனது அந்தச் சாவு. மேலே ஏசிக் குழாய் ஓடுகிற வழியா என்று அண்ணாந்து பார்த்தாள். குழாய் நேராக ஓடியது. இது வளைந்து வளைந்து, கூட்டத்தில் இடித்துவிடாமல் நடக்கிற ஆளைப் போல, வரிசைகளுக்கு நடுவே வந்திருந்தது.

பில் கவுன்ட்டர்களுக்கு எதிரே பைகளை அடுக்கி வைக்கிற மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துத் தலைமை அலுவலகப் பொறியாளரைக் கூப்பிட்டாள். மனசுக்குள் அவருக்கு அவள் வைத்த பெயர் வரம்பு சார். எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான் உண்டு.

முதன்முதலில் கேமரா பேட்டரிகள் காலியானபோதும் அவரிடம்தான் முறையிட்டாள். கடை பூட்டிய பிறகு கேமராக்கள் விழித்து விழித்துப் படம் அனுப்பிக்கொண்டிருந்தன. காவலாளி ஓடி ஓடி வந்து பார்த்து அலுத்துப்போனார். படங்களில் ஒன்றுமே இல்லை. அலமாரி, தரை, தூண். அவ்வளவுதான். ஒன்றுமில்லாததைக் காட்டவா பேட்டரி? "வரம்பை ஏத்துங்க மேடம்" என்றார். ஏற்றினாள். சில நாள் அமைதி. மறுபடி விழிப்பு, மறுபடி ஒன்றுமில்லாத படம். மறுபடி ஏற்றினாள். இப்போது வரம்பு எங்கே வந்து நிற்கிறதென்றால், இரண்டு படங்களுக்கு நடுவே ஒரு ஆள் முழுதாக ஓரடி எடுத்து வைத்தால்கூடக் கேமரா கண்டுகொள்ளாது. பேட்டரி தாங்கியது. பாராட்டிக் கடிதம்கூட வந்தது. கேமரா அடங்கிய பிறகுதான் லேபிள்கள் சாக ஆரம்பித்தன.

"குளிர்ல பேட்டரி சீக்கிரம் போயிடும் மேடம்" என்றார் வரம்பு சார். "ஏசியைக் குறைக்கச் சொல்லுங்க."

"ஏசியே இன்னிக்குப் போடலை சார்."

"அப்ப சரி, ஒண்ணு பண்றேன். கடைதான் லீவாச்சே, கேமரா எல்லாத்தையும் விடுமுறைத் தூக்கத்துல போட்டுடறேன். அதுலயாவது மிச்சம் ஆகட்டும். இருட்டினப்புறம் ஒரு தடவை எழுந்து பாக்கும், அதோட காலைலதான்."

"அதுக்குள்ள வெளிச்சம் மாறியிருக்குமே? எல்லாம் சேர்ந்து மணி அடிச்சா?"

"அடிக்காது. எழுந்ததும் ரெண்டு படம் எடுக்கும், கொஞ்ச செகண்ட் தள்ளித் தள்ளி. ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது நல்லா அசைஞ்சாத்தான் மணி."

"என்னவோ செய்ங்க சார்" என்று போனை மேசையில் வைத்தாள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, ஒன்றைச் சரிசெய்யப் போய் ஒன்று. எதிரே மூன்றாம் கவுன்ட்டருக்கு மேலே கேமராவின் பச்சைப் பொட்டு ஒருமுறை மின்னி அணைந்தது. தூங்கப் போய்விட்டது.

இருட்டில் சின்னவளின் உருவம் நாற்காலியில் சாய்ந்திருந்தது.

கோபத்தில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. கேமரா எப்போதும் போன படத்தோடு மட்டும்தானே ஒப்பிடுகிறது? முதல் நாள் படத்தோடு ஒப்பிட்டால்? கடை திறப்பதற்கு முன்னால், கேமராக்களைப் பொருத்திய அன்று எடுத்த படங்கள் கணினியில் இருந்தன. தினம் ஒரு படம் கணக்குக்கென்று தனியாக வந்துவிடும் என்பதால், கடைசியாக இன்று எடுத்தவையும் இருந்தன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மாறியதைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் போடச் சொன்னாள். ஒவ்வொரு கேமராவாக வந்தது. முதல் வரிசையில் டிராலி நிறுத்துமிடம் மாறியிருந்தது, அதற்கொரு கட்டம். அடுத்ததில் புது விளம்பரப் பலகை, அதற்கொரு கட்டம். சிரிப்பு வந்தது. இதற்காகவா இவ்வளவு பாடு?

மூன்றாம் கவுன்ட்டர்.

தரையிலிருந்து கூரைவரை ஒரே ஒரு கட்டம். ஒல்லியாக, உயரமாக. உள்ளே இருந்தது ஒரு தூண்.

தூண்தானே என்று அடுத்த படத்துக்குப் போய்விட்டாள். பிறகு திரும்பி வந்தாள். முதல் நாள் படத்தில், மூன்றாம் கவுன்ட்டர் நாற்காலிக்குப் பின்னால், வெறும் தரை இருந்தது. வெறும் தரை, அதற்கப்பால் சுவர், சுவரில் தீயணைப்புக் குடுவை. இன்றைய படத்தில் குடுவை தெரியவில்லை. தூண் மறைத்தது.

குளிர் அறைப் பக்கத்துக் கேமராவின் பழைய படங்களைத் திறந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாள். முதல் நாள் பின்சுவர் சமமாக இருந்தது. அடுத்த வாரம் சுவரில் ஒரு வீக்கம், பூச்சு ஊறி உப்பியது போல. பிறகு அது பாதித் தூண். பிறகு முழுத் தூண், சுவரை விட்டு விரல்கடை தள்ளி. தள்ளிக்கொண்டே போனாள். விரல்கடை, விரல்கடை, விரல்கடையாக அது சோப்பு வரிசைக்குள் வந்தது. அவள் வரம்பை முதல்முறை ஏற்றிய நாளிலிருந்து சாணளவு. இரண்டாம் முறை ஏற்றியதிலிருந்து முழம். கடைசியாக ஏற்றிய பிறகு ஆள் எடுத்து வைக்கிற ஓரடி, ஓரடி, ஓரடி. அதன் பிறகு ஒருமுறைகூட வரம்பைத் தாண்டவில்லை. எவ்வளவு நகர்ந்தால் கேமரா விழிக்காதோ அவ்வளவு. அவள் எவ்வளவு விட்டாளோ அவ்வளவு.

ஆயிரம் பேர் தினமும் நடந்து போகிற கடை. யார் தூணை எண்ணினார்கள்?

நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளைத் தூண். மற்ற தூண்களைப் போலவே அடியில் கறுப்பு ரப்பர் பட்டை, டிராலி உரசிய கீறல்கள்கூட. சின்னவள் அதன்மேல் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"சின்னவளே! எழுந்திரு. எழுந்து இங்க வா."

பதில் இல்லை.

எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். விளக்கு எரிந்தது. சின்னவளின் கண்கள் திறந்திருந்தன; அக்காவை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன, கடிகாரத்தின் பெரிய முள் நகர்வதைப் போல. உதடு பிரிந்துகொண்டிருந்தது. எதையோ சொல்ல ஆரம்பித்து, முதல் எழுத்திலேயே நின்றிருந்தது. சுண்ணாம்பு வாசனை மூக்கை அடைத்தது. அக்கா அவள் கையைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. தோளைப் பிடித்து இழுத்தாள். சால்வை வரவில்லை. கம்பளியின் நூல்கள் தோள்வரை வெள்ளையாக, விறைப்பாக, பூச்சுக்குள் போயிருந்தன. கழுத்துக்குப் பின்னால் கூந்தல் இல்லை. தூண்தான் இருந்தது. காதோரம் வரை தூண்.

"ஐயோ, பாவி, எழுந்திருடி" என்று இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துப் பலம்கொண்ட மட்டும் இழுத்தாள். அழுகை வந்தது. நான்தான். நான்தான் உன்னை இங்கே உட்கார வைத்தேன். இழுத்தாள். இழுத்தாள்.

"அக்...கா" என்றது குரல். அடிக்கிணற்றிலிருந்து வருவதைப் போல. பிறகு கொஞ்சம் தெளிவாக, "அக்கா." பிறகு சாதாரணமாக, பழைய சின்னவளின் குரலில், "ஏன்க்கா இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

அவளுக்கு உயிர் வந்தது. சின்னவள் கண்ணைச் சிமிட்டினாள். சிரித்தாள்கூட. கை கொஞ்சம் இளகியது போலிருந்தது. சரியாகிவிட்டது, வந்துவிடுவாள், இன்னும் கொஞ்சம் இழுத்தால் போதும்.

"பிடிச்சுக்கோ. விடாத. இதோ..."

அப்போதுதான் தரையைப் பார்த்தாள்.

ஷட்டரின் அடியில் கிடந்த வெயில் பட்டை நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணெதிரே. யாரோ ஒரு துணியின் நுனியைப் பிடித்து இழுப்பது போலத் தரையில் வழுக்கிக்கொண்டு போனது. மஞ்சளாக இருந்தது ஆரஞ்சு ஆனது. மேசைமேல் போன் குருவி மாதிரி ஒரு கீச்சுக் கொடுத்து அடங்கியது. உடனே இன்னொன்று. இன்னொன்று. வெளியே காவலாளியின் குரல் போல ஏதோ, பூச்சியின் இரைச்சலாகக் கேட்டு மறைந்தது. தலைக்கு மேல் விளக்கு அணைந்திருந்தது. அசைகிற ஆள் இருந்தால் எரிகிற விளக்கு.

சின்னவள் வேகமாகிவிடவில்லை. அக்காதான் மெதுவாகிவிட்டிருந்தாள்.

கையை உதறினாள். ஒரே ஒரு முறை. வெட்கம் கெட்டு, எதையும் யோசிக்காமல். விரல்கள் வரவில்லை.

"விடாதக்கா" என்றாள் சின்னவள். பயந்திருந்தாள். "என்னன்னு தெரியல. நீ விடாத."

"விடல" என்றாள். "விடலடி." வர மறுத்தது இடது கைதான். வலது கையைப் பிரித்துவிட்டாள். அது இன்னும் அவளுடையதாக இருந்தது. வெயில் பட்டை சிவந்தது. கேமரா. இருட்டியதும் ஒரு தடவை விழிக்கும். இரண்டு படம். நடுவில் சில நொடி. அதற்குள் கையை ஒரு வீசு வீசினால் போதும். மணி அடிக்கும். காவலாளி வருவார். வெளியிலிருந்து ஆள் வந்து இழுத்தால், இரண்டு பேரையும்...

இப்போதே தூக்க ஆரம்பிக்க வேண்டும்.

தூக்கினாள். வேகமாகத்தான் தூக்கினாள். அவளுக்கு அப்படித்தான் இருந்தது. தொடையிலிருந்து இடுப்புக்கு வருவதற்குள் பட்டை மங்கியது. இடுப்பிலிருந்து விலாவுக்கு வருவதற்குள் பட்டை இல்லை.

இருட்டு.

தூக்கு. தூக்கு.

பச்சைப் பொட்டு. முதல் படம்.

வீசு. கையே, வீசு. நானே வைத்த வரம்பு. ஓரடி. அதைத் தாண்டினால் போதும்.

பச்சைப் பொட்டு. இரண்டும் ஒரே சிமிட்டல் போலத்தான் இருந்தன.

அணைந்தது. மணி அடிக்கவில்லை. எதுவும் மாறவில்லை என்று முடிவு செய்து கேமரா திரும்பத் தூங்கிவிட்டது.

கை தோளுயரத்துக்குக்கூட வரவில்லை. அந்த இருட்டிலும் அவளால் அதைப் பார்க்க முடிந்தது. வெள்ளையாக இருந்தது. நகங்கள் எங்கே முடிகின்றன என்று தெரியவில்லை.

"அது பாத்துச்சாக்கா?" என்றாள் சின்னவள்.

பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல்லுக்கு முன் ஷட்டருக்கு அடியில் வெளிச்சம் வந்துவிட்டது. பிறகு மறுபடி இருட்டு. வெளிச்சம். ஷட்டர் ஏறியது. நிறங்கள் கோடுகோடாக ஓடின. முகம் என்று எதுவும் இல்லை. ஒரு சிவப்புச் சட்டை, ஒரு காக்கிச் சட்டை, மானேஜரின் வழுக்கையாக இருக்கலாம், எல்லாம் அவர்களைச் சுற்றி வளைந்து, இடித்துவிடாமல் போயின. யாரோ எதையோ கத்தித் தேடினார்கள். தேடுவதை நிறுத்தினார்கள். வெளிச்சம், இருட்டு, வெளிச்சம். குளிர் மட்டும் ஓடவில்லை. அது நின்றது. இதற்கு முன் அவள் குளிர் என்று நினைத்ததெல்லாம் குளிரே இல்லை.

பிறகு ஒருநாள் இரண்டு பேரும் தூணுக்குள் போனதில் காலியான மூன்றாம் கவுன்ட்டர் நாற்காலியில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.

மற்றவர்கள் கோடாக ஓட, இவள் மட்டும் ஓரிடத்தில் இருந்ததால் இவளை அவளால் பார்க்க முடிந்தது. சின்னப் பெண். வேலைக்குப் புதியவள், சட்டையில் மடிப்பு கலையவில்லை. எழுந்திரு, இந்த இடத்தை மாற்றிக் கேள், எவன் திட்டினாலும் கேள் என்று அவள் கத்தினாள். கத்த ஆரம்பித்தாள். நாட்கள் போயின. பெண் தினமும் வந்தாள், தினமும் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தாள், தினமும் அவளுடைய கை கொஞ்சம் நிதானமானது. ஒரு மத்தியானம் களைத்துப்போய்ப் பின்னால் சாய்ந்தாள். அந்த முதுகின் சூடு இரண்டு பேருக்குள்ளும் இறங்கியது.

"அப்பாடா" என்று சின்னவள் பெருமூச்சு விட்டாள். "எவ்வளவு இதமா இருக்கு, இல்லக்கா?"

இருந்தது. அதுதான் அவளைக் கொன்றது. கத்த வேண்டிய வாய் அந்தச் சூட்டில் ஒரு கணம் மூடிக்கொண்டது.

அந்தப் பெண் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டாள். பையிலிருந்து ஒரு கம்பளியை எடுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்தி, இன்னும் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.